காதால் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு மௌனப்படம்

செந்தூலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “பழைய மௌனப்படங்களை எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள். நானும் யூடியூபில் நோஸ்ஃபெராட்டு என்ற பேய்ப்படத்தைப் போட்டுப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் கை தானாகக் கைப்பேசிக்குப் போய்விட்டது. எனக்குத்தான் ரசனை போதவில்லையா? எங்கிருந்து தொடங்குவது? நம்ம ஆட்களுக்கும் இந்தப் படங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? எங்கள் தாத்தாவுக்கு மலாய் நடிகர் பி. ரம்லி படம் என்றால் உயிர். எனக்கு அதுவும் ஓடவில்லை.”

ரசனையில் ஒரு குறையும் இல்லை, தம்பி. தொடங்கிய இடம் சரியில்லை, பார்த்த பிரதியும் அநேகமாகச் சரியில்லை. இந்த இரண்டையும் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாம் காதால் படம் பார்த்து வளர்ந்தவர்கள். பராசக்தி 1952இல் வந்தது. அதன் நீதிமன்ற வசனத்தை, படத்தை ஒருமுறைகூட முழுதாகப் பார்க்காதவர்கள் மேடையில் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். கேசட் காலத்தில் பாட்டுக் கேசட் போலவே கதைவசனக் கேசட்டும் விற்றது. திருவிளையாடலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தருமியின் புலம்பலை மனப்பாடம் செய்தவர்கள் உண்டு. இன்றைக்கும் அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடியே ஹாலில் ஓடும் படத்தைப் ‘பார்த்து’ முடித்துவிடுவார். யார் வில்லன், யாருக்கு யாரோடு கல்யாணம் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். தமிழ்ப் பேசும்படம் நாடகக் கம்பெனியின் மேடையில் இருந்து இறங்கி வந்தது. பாட்டும் வசனமும்தான் அதன் உயிர். அதில் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் அந்தப் பழக்கத்தோடு மௌனப்படத்தின் முன்னால் உட்கார்ந்தால் கஷ்டம்தான். பேசும்படத்தில் நீங்கள் குனிந்து கைப்பேசியைப் பார்க்கும் நேரத்திலும் காது கதையைப் பிடித்து வைத்திருக்கும். மௌனப்படத்தில் அந்த உதவி கிடையாது. இரண்டு வினாடி தலையைக் குனிந்தால் ஒரு கடிதம் கை மாறியிருக்கும், ஒருத்தி முகம் வாடியிருக்கும், நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. படம் இழுக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். பாதியைத் தவறவிட்டிருப்போம், அவ்வளவுதான்.

அதனால் கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். விளக்கை அணையுங்கள். வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையில் போடுங்கள். கூட ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது. இவை கூட்டத்தோடு பெரிய அரங்கில் பார்க்க எடுத்த படங்கள். நகைச்சுவைப் படத்தில் ஒரு சிரிப்புக்கும் அடுத்த சிரிப்புக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளிகூட அரங்கம் சிரித்து ஓயட்டும் என்று விட்டதுதான். தனியாகக் கையளவு திரையில் பார்க்கிறவருக்கு அந்த இடைவெளி வெறும் காலியிடமாகத் தெரியும். நம் கோலாலம்பூரில் பத்து ரோட்டில், அதாவது இப்போதைய துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில், கொலிசியம் தியேட்டர் இருக்கிறதே, பிற்காலத்தில் பல வருடம் தமிழ்ப்படம் ஓடியதே, அந்தக் கட்டடம் 1920களின் தொடக்கத்தில் எழுந்தது. படம் பேசத் தொடங்கியது அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான். அந்த வழியாகப் போனால் ஒருமுறை நின்று அந்த முகப்பைப் பாருங்கள். அந்த அளவு இடத்துக்குத்தான் இந்தப் படங்களை எடுத்தார்கள்.

அப்புறம், மௌனப்படம் ஓடிய அரங்கம் மௌனமாக இருந்ததே இல்லை. மேல்நாட்டில் பியானோ, பெரிய ஊர்களில் முழு வாத்தியக் குழு. இந்தியாவில் ஆர்மோனியமும் தபலாவும். நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் உரக்கப் படித்துக் கதை சொல்வார். ஜப்பானில் அப்படிக் கதை சொன்னவர்களுக்கு பென்ஷி என்று பெயர். திரையில் நடித்தவர்களுக்கு நிகரான புகழ் அவர்களுக்கு இருந்தது. ஆகவே சத்தமே இல்லாத பிரதி கிடைத்தால் அதைப் பார்க்காதீர்கள். இளையராஜாவின் வாத்திய இசையைப் பின்னால் ஓட விட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் மனசு படத்தை விட்டுவிட்டு ராஜாவின் பின்னால் போய்விடும். வேண்டாம்.

இனி பிரதிக்கு வருவோம். 1920களின் படங்கள் அமெரிக்காவில் இப்போது பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் எந்தக் குப்பைப் பிரதியையும் ஏற்றிவிடலாம், ஏற்றியும் இருக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வேகம். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு 16 படச்சட்டம், 18, 20 என்று ஆளுக்கு ஆள், படத்துக்குப் படம் மாறும். ஒலி வந்த பிறகுதான் வினாடிக்கு 24 என்று நிலைத்தது. பதினாறில் எடுத்ததை இருபத்து நான்கில் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். பழைய படத்தில் எல்லாரும் சாவி கொடுத்த பொம்மை மாதிரி விறுவிறு என்று நடப்பார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இதனால்தான். அவர்கள் ஒழுங்காகத்தான் நடந்தார்கள். ஓட்டியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

அடுத்தது நிறம். பெரும்பாலான மௌனப்படங்கள் வெறும் கறுப்பு வெள்ளையாகத் திரைக்கு வரவில்லை. படச்சுருளையே சாயத்தில் தோய்த்தார்கள்: இரவுக்கு நீலம், விளக்கு எரியும் அறைக்கு மஞ்சள், தீக்குச் சிவப்பு. நீங்கள் பார்த்த நோஸ்ஃபெராட்டுவையே எடுத்துக்கொள்வோம். 1922இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்தது. அதில் ரத்தக்காட்டேரி தன் சவப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து வரும். சாயம் போன பிரதியில் பார்த்தால் பட்டப்பகலில், தரையில் நிழல் விழ, பெட்டியோடு வீடு தேடும் ஆள் மாதிரிச் சிரிப்பாக இருக்கும். அந்தக் காலத்துச் சுருளுக்கு இருட்டில் படம் பிடிக்கும் திறன் இல்லை. பகலில் எடுத்து நீலம் பூசினால்தான் இரவு. இந்தப் படத்தில் அது அலங்காரம் மட்டும் இல்லை, கதையே அதில்தான் நிற்கிறது: சூரிய வெளிச்சம் பட்டால் அந்தக் காட்டேரி செத்துப்போகும்! நீலம் இல்லாத பிரதியைப் பார்த்து உங்களுக்குப் பயம் வரவில்லை என்றால் அது முர்னாவின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை.

நல்ல பிரதியைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, ஓடும் நேரத்தைப் பார்ப்பது. சாயத்தோடு சீரமைத்த நோஸ்ஃபெராட்டு ஏறத்தாழ 94 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுமேல் முடிகிற பிரதிகளும் உலவுகின்றன. அவற்றில் வெட்டு இருக்கும், அல்லது வேகம் தப்பாக இருக்கும், பல நேரம் இரண்டும் இருக்கும். பெயர் தெரிந்த ஆவணக் காப்பகம் ஒன்று சீரமைத்தது என்று முதல் அட்டையிலேயே வந்தால் நம்பிப் பார்க்கலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பேய்ப்படத்தில் இருந்து வேண்டாம். சிரிப்பில் இருந்து தொடங்குங்கள். உடம்பால் செய்யும் நகைச்சுவை நாகேஷ் வழியாக நமக்கு ஏற்கெனவே பழகியது. பஸ்டர் கீட்டனின் ஷெர்லாக் ஜூனியர் (1924) முக்கால் மணி நேரம்தான். கதாநாயகன் தியேட்டரில் படம் ஓட்டுகிறவன். தூங்கிப்போகிறான். கனவில் எழுந்து போய்த் திரைக்குள்ளேயே ஏறிவிடுகிறான். ஏறியதும் அவனைச் சுற்றி இடம் மட்டும் வெட்டி வெட்டி மாறுகிறது. பெஞ்சில் உட்காரப் போனால் பெஞ்சு போய்த் தெரு வந்துவிடும். மலை விளிம்பில் நிற்பான், அடுத்த கணம் சிங்கங்களுக்கு நடுவே இருப்பான். கடலில் குதித்தால் பனியில் போய்த் தலைகுப்புற விழுவான். கணினி இல்லாத காலம். கேமராவுக்கும் நாயகனாக நடித்த கீட்டன் நின்ற இடத்துக்கும் உள்ள தூரத்தை அளவைக் கருவி வைத்து அளந்து, இடத்துக்கு இடம் அதே அளவில் நின்று எடுத்தார்கள். இதே படத்தில் ரயிலுக்கு நீர் ஊற்றும் குழாயில் தொங்கும்போது தண்ணீர் அவரைத் தண்டவாளத்தில் தள்ளிவிட்டது. கழுத்து எலும்பு முறிந்தது. அது தெரியாமல் நடித்து முடித்தார். பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. 1928இல் வந்த ஸ்டீம்போட் பில் ஜூனியரில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர் மேல் சாயும், மாடி ஜன்னல் இருந்த ஓட்டைக்குள் அவர் நின்று தப்புவார். நிஜச் சுவர், நிஜ ஆள், நடுவே சில அங்குலம் இடைவெளி. அவரைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு பாருங்கள்: எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் தி ஜெனரல் (1926) படத்தின் நாயகன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காப்பாற்றப் போராடிய தரப்புக்காக ரயில் ஓட்டுகிறான். படம் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. தோட்டக்கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ரயில் காட்சிகள் அபாரம், அதையும் மறுக்க முடியாது.

அடுத்ததாக சாப்ளினின் சிட்டி லைட்ஸ். வந்த வருடம் 1931. படங்கள் பேசத் தொடங்கி நாலு வருடம் ஆகிவிட்டது, இவர் மட்டும் பிடிவாதமாக மாட்டேன் என்று இசையும் சத்தமும் மட்டும் சேர்த்து வெளியிட்டார். கண் தெரியாத பூக்காரி ஒருத்தி, நாடோடியைப் பணக்காரன் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் கதையின் முடிச்சு. வசனம் இல்லாமல் இதை எப்படிச் சொல்வது? இந்த ஒரு காட்சியை 342 முறை எடுத்ததாகக் கின்னஸ் கணக்கு சொல்கிறது. கடைசியில் கிடைத்த விடை ஒரு கார்க் கதவு. போலீஸ்காரரிடம் இருந்து நழுவ நாடோடி சாலையோரம் நிற்கும் பெரிய காருக்குள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறான். கதவு சாத்தும் சத்தம் அவளுக்குக் கேட்கிறது. காரில் வந்த ஐயா என்று பூவை நீட்டுகிறாள். அவன் கையில் இருந்த காசைக் கொடுக்கிறான். மீதிச் சில்லறை எடுக்க அவள் திரும்பும் நேரத்தில் காரின் உண்மையான சொந்தக்காரர் வந்து ஏறுகிறார். மறுபடியும் கதவுச் சத்தம், கார் போய்விடுகிறது. மீதியை வாங்காமலே போய்விட்டார் என்று அவள் நினைக்கிறாள். அவனோ அங்கேதான் நிற்கிறான். சில்லறையைக் கேட்டால் தான் யார் என்பது தெரிந்துபோகும். பூனை மாதிரி நுனிக்காலில் நகர்ந்து ஓரமாக உட்கார்ந்து அவளையே பார்க்கிறான். அவள் பூச்சாடியைக் கழுவித் தண்ணீரை வீசுகிறாள், அது நேராக அவன் முகத்தில். நாம் நெகிழத் தொடங்கும் நேரத்தில் சாப்ளின் தண்ணீரை ஊற்றிவிடுகிறார். மௌனப்படத்தில் கதையைத் திருப்புவது ஒரு சத்தம், அதை நாம் கண்ணால் ‘கேட்கிறோம்’ என்பதைக் கவனியுங்கள். இதே காட்சியைப் பேசும்படத்தில் எடுத்திருந்தால், “ஐயா, நீங்கள் பணக்காரரா?” என்று அவளைக் கேட்க வைத்திருப்பார்கள்.

எழுத்து அட்டைகளைப் படிப்பதே தொல்லையாக இருக்கிறது என்றால் நடுவில் 1987இல் வந்த ‘பேசும் படம்’ என்ற படத்தைப் பார்த்துவிடுங்கள். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கமல் நாயகன். வசனம் கிடையாது, அட்டையும் கிடையாது. தெருச் சத்தம், இசை எல்லாம் இருப்பதால் கண்டிப்பான மௌனப்படம் என்று சொல்ல மாட்டேன். கண்ணைப் பழக்க நல்ல படம். அம்மாவைச் சமையலறையில் இருந்து ஹாலுக்கு வரவைக்கும் தமிழ்ப்படம் அநேகமாக அது ஒன்றுதான்.

‘நம்ம ஆட்கள்’ பற்றிக் கேட்டீர்கள். இங்கேதான் வயிறு எரியும். சென்னையில் நடராஜ முதலியார் 1910களின் கடைசியில் கீசக வதம் எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது, இன்று ஓர் அடிச் சுருள் மிச்சமில்லை. 1931இல் வந்த காளிதாஸ், டி. பி. ராஜலட்சுமி நடித்த முதல் தமிழ்ப் பேசும்படம், அதுவும் இல்லை. அந்தக் காலத்துச் சுருள் நைட்ரேட்டால் ஆனது. சுலபமாகத் தீப்பிடிக்கும். எரியாவிட்டாலும் நம் பக்கத்து வெப்பத்திலும் ஈரத்திலும் முதலில் பிசுபிசுத்துக் கடைசியில் பொடியாகும். அதில் உள்ள வெள்ளிக்காகக் காய்ச்சி எடுத்ததும் உண்டு. ஒரு படம் தப்பிப் பிழைத்ததற்கு ஒரு வழக்கைக் கும்பிட வேண்டும். சி. வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து 1933இல் திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா எடுத்தார்கள். நாவலின் பதிப்பகத்தார் உரிமை தங்களுடையது என்று வழக்குப் போட்டு ஓட்டத்தை நிறுத்தினார்கள். பிரதி அவர்கள் கையில் முடங்கியது. ஊரெல்லாம் சுற்றித் தேயாமல் கிடந்ததால் பல பத்தாண்டு கழித்துப் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கிடைத்தது. நோஸ்ஃபெராட்டுவுக்கு நடந்தது நேர்மாறு. டிராகுலா நாவலை அனுமதி இல்லாமல் தழுவிய படம் அது. நாவலாசிரியரின் மனைவி போட்ட வழக்கில் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டுக்குப் போய்விட்ட பிரதிகள் தப்பின.

பார்க்கக் கிடைக்கும் இந்திய மௌனப்படங்களில் உங்களுக்கு நான் சொல்வது பால்கேயின் காளிய மர்தனம் (1919). கண்ணனாக நடித்தது பால்கேயின் மகள் மந்தாகினி, சின்னப் பெண். படம் தொடங்கும்போது கதையே தொடங்காது. அந்தக் குழந்தை கேமராவைப் பார்த்து உட்கார்ந்து கோபம், அழுகை, சிரிப்பு என்று ஒவ்வொரு முகமாகக் காட்டும். இவளால் நடிக்க முடியும், பாருங்கள் என்று அப்பா நமக்குக் காட்டுகிறார். பிறகு அவளே மெல்லக் கண்ணனாக மாறுவாள். கதை நமக்குத் தெரிந்ததுதான், எழுத்து அட்டையே தேவையில்லை. வீட்டில் பாட்டி இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இந்தப் படத்தில் அவர்தான் உங்களுக்குக் கதை சொல்லி. ராஜா, யானை, புலி என்று பிரம்மாண்டம் வேண்டுமானால் பிரபஞ்ச பாஷ் (1929), ஆங்கிலத்தில் எ த்ரோ ஆஃப் டைஸ். மகாபாரதச் சூதாட்டத்தைத் தழுவிய கதை, தயாரித்து நடித்தவர் ஹிமான்ஷு ராய், இயக்கியவர் ஜெர்மானியர் ஃபிரான்ஸ் ஓஸ்டன். நிதின் சாஹ்னியின் இசையோடு சீரமைத்த பிரதி இருக்கிறது, அதையே தேடுங்கள்.

தாத்தாவின் பி. ரம்லி விஷயத்துக்கு வருகிறேன். அவை பேசும்படங்கள்தான். ஆனால் நீங்கள் கேட்ட ‘சம்பந்தம்’ அங்கேதான் கெட்டியாக இருக்கிறது. மலாய்ப் படம் என்று ஒன்று 1934இல் லைலா மஜ்னூனில் தொடங்கியபோது இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், இந்தியர். பினாங்கில் பிறந்து வளர்ந்த ரம்லியை 1948இல் திரைக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். 1950இல் பக்தி படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் வரிசையாக நம் பக்கத்து இயக்குநர்கள் வேலை செய்தார்கள். அங்கே பார்த்துப் பழகித்தான் 1955இல் ரம்லி பெனாரெக் பேச்சாவைத் தானே இயக்கினார். ஆகவே தாத்தா அழுவது வேறு ஆளுடைய படத்துக்கு என்று நினைக்க வேண்டாம். பணக்கார மாமியார், ஏழைப் பாடகன், பொய்யான சாவுச் செய்தி, அழுது அழுது கண் போவது என்று இபு மெர்துவாக்கு (1962) முழுக்க நம் வீட்டுக் கதை, பாதி நடப்பதும் பினாங்கில். கடைசியில் முள்கரண்டியை எடுக்கும் இடத்தில் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வார், பாருங்கள். உங்களுக்கு அது ஓடாததற்குக் காரணம் தொலைக்காட்சியில் துண்டு துண்டாகப் பார்த்ததாக இருக்கலாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை முழுதாகப் பாருங்கள். கிடைக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. பி. என். ராவ் 1957இல் எடுத்த பொந்தியானாக் அன்றைக்குப் பெரிய வசூல் படம், இன்று ஒரு பிரதி இல்லை.

பழைய தமிழ்ப்படங்களில் கண்ணுக்கு வேலை கொடுக்கும் ஒன்றைச் சொல்லு என்றால் அந்த நாள் (1954). இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணை வித்வான். அப்பேர்ப்பட்டவர் எடுத்த படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது! படம் தொடங்கியவுடனே சிவாஜி சுடப்பட்டுச் செத்துவிழுகிறார், பிறகு ஆளாளுக்குச் சொல்லும் கதையில் வேறு வேறு ஆளாக உயிரோடு வருகிறார். யார் சொல்லும்போது முகத்தில் எங்கே நிழல் விழுகிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டே போங்கள்.

திரையில் பார்க்க வாய்ப்பு வேண்டுமானால் கோலாலம்பூரில் கோத்தே இன்ஸ்டிட்யூட் (ஜெர்மன்), அலியான்ஸ் பிரான்சே (பிரெஞ்சு) போன்ற பண்பாட்டு மையங்களின் நிகழ்ச்சிப் பட்டியலை அவ்வப்போது எட்டிப்பாருங்கள். வாத்தியக்காரர் நேரில் வாசிக்கும் திரையிடல் எங்கே நடந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஒன்று மட்டும், உற்சாகத்தில் மெட்ரோபோலிஸை (1927) உடனே தொடங்கிவிட வேண்டாம். இரண்டரை மணி நேரம், நடுவில் பிரசங்கம் வேறு. போகும்போது 2010இல் வந்த சீரமைப்பையே பாருங்கள். காணாமல் போயிருந்த காட்சிகள் 2008இல் புவனஸ் ஐரிஸில் கிடைத்துச் சேர்க்கப்பட்டது அதில்தான். சேர்த்த பகுதிகள் கீறலோடு மழை பெய்வது மாதிரி இருக்கும். உங்கள் டிவியில் கோளாறு இல்லை.